கரை மடங்கும் இடத்தில் ஒரு காடு: கோடியக்கரையை எப்படிப் பார்ப்பது

சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் சோழமண்டலக் கடற்கரை ஏறத்தாழ ஒரே கோடாக வருகிறது. மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என எந்த ஊரில் நின்றாலும் கடல் கிழக்கே இருக்கிறது. வேதாரண்யத்தைக் கடந்து பத்துக் கிலோமீட்டர் போனதும் இந்த ஒழுங்கு முடிந்துவிடுகிறது. கோடியக்கரையில் கரை ஏறக்குறைய செங்கோணமாக மேற்கு நோக்கி மடங்குகிறது. கிழக்கே அலையடிக்கும் வங்காள விரிகுடா. தெற்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை. மூலையில் ஒரு காடு. காட்டுக்குப் பின்னால், மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் ஒரு சதுப்பு.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் இந்தத் தென்கோடிக்கு வருபவர்களில் பலர் கடலைப் பார்த்துவிட்டு, மான் தென்பட்டால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தமிழ்நாட்டின் கடற்கரைகளிலேயே காரண காரியத்தோடு பார்க்க வேண்டிய கரை இது. மணல் ஏன் இங்கே குவிந்தது, அந்த மணலில் காடு எப்படி நின்றது, பூநாரை ஏன் இந்தச் சேற்றைத் தேடி வருகிறது, உப்பு ஏன் இங்கே விளைகிறது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த மடிப்பிலும், அங்கே நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் நடத்தும் கொடுக்கல் வாங்கலிலும் இருக்கிறது.

மணலும் சேறும்

கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையைச் சாய்வாக மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் வடக்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது தெற்கே வரும். தெற்கே வருகிற மணல் கோடியக்கரையின் மூலையைத் தாண்டும்போது அலையின் வேகம் தணிந்து, சுமை கீழே இறங்குகிறது. காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலும் மணலும் இப்படிப் பல ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து, வரிசை வரிசையான மணல்மேடுகளாக மாறியிருக்கின்றன. ஒவ்வொரு மேடும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்த இடம். கடல் விலக விலக, அதற்கு முன்னால் அடுத்த மேடு எழுந்தது. மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் மழைநீர் தேங்கும்.

மேடு என்று சொன்னதும் பெரிய குன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இந்தப் பகுதியிலேயே மிக உயர்ந்த இடம் காட்டுக்குள் இருக்கும் இராமர் பாதம் என்ற மணல்மேடுதான். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் நான்கு மீட்டர் அளவே. இலங்கைக்குப் போகும் வழியைத் தேடி இராமர் இங்கே நின்றார் என்று மக்கள் நம்புகிறார்கள். கல்லில் செதுக்கிய பாதங்களை வழிபடுகிறார்கள். தட்டையான நிலத்தில் நான்கு மீட்டர் உயரமே பெரிய பார்வையைத் தந்துவிடுகிறது. மேலே ஏறி நின்றால் காடும் சதுப்பும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்பது விளங்கும். முதன்முறை வருபவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

தெற்குக் கரையின் குணம் வேறு. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதில்லை. பெரிய அலை இல்லாததால் நுண்ணிய சேறு படிகிறது. பாக் நீரிணைக்கு இணையாக ஒரு மணல்திட்டு மேற்கே ஓட, அதற்குப் பின்னால் வேதாரண்யத்தின் பெருஞ்சதுப்பு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதன் மேற்கு முனையில்தான் உப்புநீர்ச் சேற்றில் வளரும் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடுகள். இந்தச் சதுப்பில் கடல்நீரைக் கொண்டுவருவதில் ஓதத்தைவிட, அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதைவிட, காற்றுக்குப் பங்கு அதிகம். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பலத்த காற்று வீசும்போது மெல்லிய நீர்ப்படலம் சேற்றுவெளியின் மேல் கிலோமீட்டர் கணக்கில் பரவும். காற்று திசை மாறினால் வடியும். காலையில் ஏரியாகத் தெரிந்த இடம் மாலையில் வெறும் சேறாகக் கிடப்பது இங்கே வழக்கமான காட்சி.

கடலோரத்தில் பசுமை மாறாத மரங்கள்

கோடியக்கரைக் காடு அரியது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் அழைக்கும் இந்த வகை, ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுகப் பரவியிருந்தது. இன்று கோயில் காடுகளாகவும் சிறு திட்டுகளாகவும் சிதறிக் கிடக்கிறது. எஞ்சியவற்றில் பெரிய பரப்புகளில் ஒன்று இங்கே நிற்கிறது.

இங்கே மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். அடுத்து வரும் மாதங்களில் உப்புக் காற்றும் கடும் வெயிலும்தான். மற்ற இடங்களில் இப்படிப்பட்ட வறட்சிக்கு மரங்கள் இலையை உதிர்த்துவிடும். இங்குள்ள பாலை, நாவல், காயா, உகாய் போன்றவை தடித்த, தோல் போன்ற இலைகளால் ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கின்றன. ஈரம் கிடைப்பது மணலுக்கு அடியிலிருந்து. மணலில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. மரங்களின் வேர் எட்டுவது இந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தைத்தான். மேல்நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும்; ஒருமுறை ஏறிய உப்பை வெளியேற்றப் பல மழைக்காலங்கள் வேண்டும். இந்தக் காட்டுக்கு வரக்கூடிய ஆபத்துகளில் கண்ணுக்குத் தெரியாததும் நான் மிகவும் அஞ்சுவதும் இதுதான்.

பாலைமரம் தனியாகச் சொல்லத் தக்கது. உலக்கை செய்யும் அளவுக்கு உறுதியான மரம். கோடையில் பழுக்கும் சிறிய மஞ்சள் பழங்களை உள்ளூர் மக்கள் சேகரித்து விற்கிறார்கள். பழத்தில் பால் இருப்பதால் உதட்டில் பிசுபிசுப்பு ஒட்டும். ஆனால் நல்ல இனிப்பு. குரங்கு, நரி, பறவைகள் எல்லாமே இந்தப் பழத்தின் வாடிக்கையாளர்கள். விதைகள் காடெங்கும் பரவுவதும் அவற்றால்தான்.

அக்டோபரில் இந்தக் காட்டுக்கு ஆறுமணிக்குருவி வந்து சேர்கிறது. வடக்கே, இமயத்தின் அடிவாரம் வரையுள்ள காடுகளில் கூடுகட்டிவிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கும் பறவை அது. இலங்கைக் கரை இங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடலைக் கடப்பதற்கு முன் நிலத்தில் கிடைக்கும் கடைசி மரநிழல் கோடியக்கரை. இலங்கையிலிருந்து திரும்பும் பறவைகளுக்கு முதல் நிழலும் இதுதான். மனிதர்களும் இந்த நீரைக் கடந்திருக்கிறார்கள். இலங்கையின் வல்வெட்டித்துறையிலிருந்து 1954-இல் நீந்திவந்து இங்கே கரையேறினார் நவரத்தினசாமி. 1971-இல் ஆழிக்குமரன் ஆனந்தன் போகவும் வரவும் நீந்தி, 51 மணி நேரத்தில் முடித்தார்.

வெளிமான்

காட்டுக்கும் சதுப்புக்கும் இடையில் புல்வெளி இருக்கிறது. வெளிமானின் வீடு அது. 1967-இல் இந்த இடம் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு முக்கியக் காரணமும் இந்த மான்தான். வளர்ந்த கலைமானின் முதுகு கருமையாகவும் வயிறு தூய வெண்மையாகவும் இருக்கும். கொம்பு முறுக்கிக்கொண்டு மேலே போகும். பெண்மானும் குட்டியும் பழுப்பு நிறம். புள்ளிமான் ஆபத்து வந்தால் புதருக்குள் மறையும். வெளிமான் மறையாது. எதிரியைத் தொலைவிலேயே கண்டு, ஓட்டத்தால் தப்பிக்கும். அதனால் அதற்குத் திறந்த வெளி வேண்டும். வெளி மூடினால் வெளிமான் இல்லை.

வெளியை மூடும் வேலையைச் சீமைக்கருவேலம் செய்துகொண்டிருக்கிறது. அதன் நெற்றுகள் இனிப்பானவை. புல் காய்ந்துபோகும் கோடையில் மான்களும் மட்டக்குதிரைகளும் மாடுகளும் அவற்றைத் தின்கின்றன. விதைகள் சாணத்தோடு வெளியேறிப் புல்வெளியின் நடுவிலேயே முளைக்கின்றன. பசிக்குத் தின்ற தீனி, அடுத்த ஆண்டின் மேய்ச்சல் நிலத்தைச் சுருக்குகிறது. வனத்துறை மரங்களை அகற்றியிருக்கிறது. ஆனால் வெட்டிய இடத்தில் மீண்டும் தழைப்பது அந்த மரத்தின் இயல்பு. வேரோடு எடுத்து, அடுத்தடுத்த மழைக்காலங்களில் முளைத்துவரும் கன்றுகளையும் பிடுங்கினால்தான் பயன். ஒரு திட்டம், ஒரு நிதியாண்டு என்று முடித்துவிடக் கூடிய வேலை அல்ல இது.

மட்டக்குதிரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதர்கள் வளர்த்துப் பின்பு விட்டுவிட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. இன்று காட்டுவிலங்குபோலவே கூட்டமாகத் திரிகின்றன. பயணிகளுக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கிறது. மானுக்கு அவை போட்டியாளர்கள், புல்லிலும் தண்ணீரிலும். கோடையில் குட்டைகள் வற்றியதும் வனத்துறை தொட்டிகளில் தண்ணீர் நிரப்புகிறது. அங்கே முதலில் வந்து நிற்பதற்குப் பலம் வேண்டும். குதிரைகளை அகற்ற வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது பலருக்கு மனம் ஒப்புவதில்லை. எனக்கும் அவை அழகாகத்தான் தெரிகின்றன. ஆனாலும் மூன்று பக்கமும் கடலாலும் சதுப்பாலும் அடைபட்டு, வேறெங்கும் போக வழியில்லாத வெளிமானுக்கே இந்தப் புல்வெளியில் முதல் உரிமை.

உப்பு ஏறும் தண்ணீரில் விருந்து

மழை பெய்யும்போது சதுப்பில் நன்னீர் நிறைகிறது. காவிரியின் கடைமடையிலிருந்து அடப்பாறும் மானங்கொண்டான் ஆறும் தங்கள் மிச்சத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. மீன்குஞ்சும் இறாலும் உள்ளே வருகின்றன. கூழைக்கடா, கரண்டிவாயன், நாரை வகைகள் அந்தச் சமயத்தில் கூடும். மழை நின்றபின் வெயில் தண்ணீரைக் குறைக்கக் குறைக்க, உப்பு அடர்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அது இருமடங்கு, மும்மடங்காகும்போது மீன் தாங்காது. மீன் இல்லாத நீரில் உப்புநீர் இறால் என்ற நகத்தளவு உயிர் பெருகுகிறது. கூடவே நுண்பாசிகள்.

பூநாரையின் அலகு இந்த உணவுக்காகவே அமைந்தது. தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் வைத்து, நாக்கை இயக்கி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் போன்ற தகடுகளில் இரை சிக்கும். சிறகின் சிவப்பு அந்த இரையிலுள்ள நிறமிகளால் வருவது. குஜராத்தின் கட்ச் ரண் உப்புவெளிகளில் கூடுகட்டும் இந்தப் பறவை, அதே போன்ற உப்புவெளியைத் தேடியே இவ்வளவு தூரம் வருகிறது.

பலரும் பூநாரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பொறுமை உள்ளவர்கள் அதன் கால்களுக்கிடையே பார்க்க வேண்டும். சேற்றில் தையல் இயந்திரத்தின் ஊசிபோல ஓயாமல் அலகைக் குத்திக்கொண்டு ஓடும் சிறிய பறவைகள் உள்ளான்கள். கொசு உள்ளானின் எடை முப்பது கிராமைத் தொடுவதே கடினம். அது சைபீரியாவின் ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தச் சேற்றுக்கு வந்திருக்கிறது. திரும்பிப் போவதற்கு முன் இங்கே கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேறு கொடுக்கவில்லை என்றால் பயணம் நடக்காது. பறவையியலாளர் சாலிம் அலி 1960-களில் இந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தியதற்கும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை ஆராய்ந்துவந்ததற்கும் காரணம் இதுதான். இதுவரை 250-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. 2002 ஆகஸ்டில் கோடியக்கரையும் பெருஞ்சதுப்பும் தலைஞாயிறு காடும் முத்துப்பேட்டை அலையாத்திகளும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகள் மாநிலத்தில் அந்தத் தகுதி பெற்ற இடம் இது ஒன்றுதான்.

பறவைக்கு விருந்து வைக்கும் அதே வெயிலும் காற்றும்தான் உப்பளத்தையும் நடத்துகின்றன. பாத்தி பாத்தியாக நீரை மாற்றி, லிட்டருக்கு 300 கிராம் அளவை நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. தூத்துக்குடிக்கு அடுத்துத் தமிழ்நாட்டில் அதிக உப்பு விளைவது வேதாரண்யத்தில். ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை எதிர்த்து 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்ட ராஜாஜி, மாத இறுதியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். உள்ளூரில் அந்தப் போராட்டத்தைத் தாங்கி நின்றவர் வேதரத்தினம் பிள்ளை. அதற்காகத் தம் சொத்தையே இழந்தார். கோடியக்கரைக்குப் போகும் சாலையிலேயே நினைவுத் தூண் இருக்கிறது. இறங்கிப் பார்க்காமல் போகக் கூடாத இடம்.

உப்பளமும் பறவையும் பகை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நீரைத் தேக்கிவைக்கும் நடுத்தர உப்புள்ள பாத்திகளில் பூநாரைகள் இரை எடுக்கின்றன. சிக்கல் அளவில் இருக்கிறது. பெரிய தொழில்முறை உப்பளங்கள் சதுப்பின் பரப்பை வரப்புகளால் துண்டாடும்போது, காற்று தள்ளிவரும் நீர் பரவ முடிவதில்லை. உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புநீர் மீண்டும் சதுப்பில் கலந்தால் உப்பு உயிர்கள் தாங்கும் எல்லையை மீறுகிறது. இன்னொரு பக்கம், மேலே அணைகளும் பாசனமும் பெருகியதால் கடைமடைக்கு வரும் நன்னீர் குறைந்துவிட்டது. முத்துப்பேட்டையில் அலையாத்தி வகைகள் குறைந்து, உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் இனம் ஒன்றே பெரும்பான்மையாகியிருப்பதற்கும் இதுதான் காரணம். கடலுக்குப் போகும் காவிரித் தண்ணீரை வீணாகும் தண்ணீர் என்று பேசுகிறவர்கள் இந்தச் சதுப்பை வந்து பார்க்க வேண்டும்.

கடல்முகம்

கிழக்குக் கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் இரவில் ஏறிவந்து, மணலில் குழிதோண்டி நூறு முட்டை அளவில் இட்டுச் செல்கின்றன. நரியும் நாயும் தோண்டிவிடும் என்பதால் வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். ஐம்பது நாள் அளவில் குஞ்சுகள் வெளிவரும்; கடலில் விடப்படும். மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடும்.

மீனவர்களுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை சீசன். வேறு ஊர்களிலிருந்தும் படகோடு வந்து குடிசை போட்டுத் தங்குகிறார்கள். காலா, ஷீலா, வாவல், நண்டு, இறால் என்று ஏலம் நடக்கும், விற்காதது கருவாடாகும். தை, ஆடி அமாவாசைகளில் இதே கரை ஆதிசேது என்ற பெயரில் நீராடும் கூட்டத்தால் நிறைகிறது. கரைக்குச் சற்று உள்ளே கோடிக்குழகர் கோயில். இங்கே வந்த சுந்தரர், கடற்காற்று அறையும் இந்தக் கரையில் துணைக்கு ஒரு குடிகூட இல்லாமல் இறைவன் தனித்திருக்கிறானே என்று வருந்திப் பாடினார். காடும் ஆந்தையும் காற்றும் சூழ்ந்த ஆளில்லாக் கரையாக இது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததற்கு அது சாட்சி.

மடிப்பில் திரும்பும் கப்பலுக்கு விளக்கு தேவைப்பட்டது. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டுவந்த செங்கல் கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் சிதைந்துபோனது. ஆங்கிலேயர் காலத்து விளக்கமும் பின்பு எழுந்த உயரமான கோபுரமும் இன்று நிற்கின்றன. புயல் இந்த மூலையை மறப்பதே இல்லை: 1952, 1977, பிறகு 2018 நவம்பர் 16-இல் கஜா. கஜாவில் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, மான்கள் மடிந்தன, வேதாரண்யம் வட்டாரத்துத் தென்னையும் மாவும் விழுந்தன. சாய்ந்த பாலைமரங்களில் பல அடியிலிருந்து மீண்டும் துளிர்த்தன. இங்கேயே பிறந்த காட்டு மரத்துக்கு அந்த ஆற்றல் உண்டு.

எப்போது, எப்படி

பறவைகளுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை. வெளிமானுக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. இரண்டும் வேண்டுமென்றால் பிப்ரவரியில் வரலாம். பூநாரைகளும் ஓரளவு மிச்சமிருக்கும், மழைநீர் வடிந்து புல்வெளியும் திறந்திருக்கும். மழை கொட்டும் வாரங்களில் பாதைகள் சேறாகிவிடும். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் அகல ரயில்பாதை திறக்கப்பட்டது. வேதாரண்யத்திலிருந்து பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. சரணாலயத்துக்குள் போக வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி பெற வேண்டும். அதிகாலையின் முதல் இரண்டு மணி நேரமும் மாலையின் கடைசி இரண்டு மணி நேரமும் போதும். நடுப்பகலில் மானும் பறவையும் ஒதுங்கிவிடும், வெயில் நம்மையும் ஒதுக்கிவிடும். பூநாரைகளுக்குப் பம்ப் ஹவுஸ், கோவைத்தீவு பக்கம் கேட்டுப் போகலாம். நீர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவை இருக்கும் என்பதால் அன்றைய நிலவரத்தை வனக்காவலர்களிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. தொலைநோக்கி கட்டாயம் வேண்டும். பறக்கவைத்துப் படம் எடுப்பதற்காகக் கூட்டத்தை நெருங்கி விரட்டுவது, பயணத்துக்காக அவை சேமிக்கும் கொழுப்பைப் பறிப்பதாகும்.

குளிப்பதற்கு இது ஏற்ற கரை இல்லை. தெற்கே கால் புதையும்; மூலையில் நீரோட்டம் வலுவானது. இன்னொரு நாள் கையில் இருந்தால், அதை முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையில் செலவிடலாம். அங்கிருந்து படகில் அலையாத்திகளின் ஊடாகக் கடற்காயல் வரை போனால், கோடியக்கரையில் தொடங்கிய அதே சதுப்பின் மறுமுனையைப் பார்த்துவிடலாம்.